ரிசால்வ் பட்டனை யார் அழுத்துவது?

வன்கொடுமை வழக்குகளைப் பின்தொடர ஒரு செல்போன் செயலி வடிவமைக்கிறோம் என்று தெரிந்ததிலிருந்து மாணவத் தோழர்கள் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஃபிக்மாவுல எப்படி டீமா வேலை செய்றீங்க? எங்களுக்கும் சொல்லிக் குடுங்க." ஒரு குழு அம்பேத்கர் வாசிப்பு வட்டத்துக்கு இணையதளம் செய்கிறது. இன்னொரு குழு ஆதிதிராவிடர் நல விடுதிகளின் குறைகளைப் பதிவு செய்ய ஒரு செயலி யோசித்துக்கொண்டிருக்கிறது. தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம். மென்பொருளைக் கற்றுத்தருகிற வீடியோக்கள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. எங்களிடம் இருப்பது ஒன்றரை வருடத் தவறுகள்.

ஃபிக்மாவைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. செயலியின் திரைகளை, பட்டன்களை, படிவங்களை, கோடு எழுதுவதற்கு முன்பே வரைந்து பார்க்கிற மென்பொருள் அது. பிரவுசரிலேயே ஓடும். 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் சிறப்பு, ஒரே ஃபைலைப் பலர் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யலாம் என்பதுதான். ஒவ்வொருவருடைய கர்சரும் அவரவர் பெயரைச் சுமந்துகொண்டு திரையில் நகரும். முதல் நாள் எட்டுப் பேரின் பெயரும் ஒரே பலகையில் ஓடியதைப் பார்த்து எங்களில் ஒருவர் "சமபந்தி மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். சமபந்தியிலும் பரிமாறுகிறவர் யார், இலை எடுக்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

எட்டுப் பேர் என்றால் பொறியியல் முடித்த இருவர், காட்சித் தொடர்பியல் படிக்கும் ஒரு தம்பி, ஒரு வழக்கறிஞர், சமூகப் பணியில் இருக்கும் இருவர், வட மாவட்டக் கிராமங்களில் களப்பணி செய்யும் இரண்டு அக்காக்கள். அக்காக்களில் மூத்தவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இருபது வருடமாகக் காவல் நிலையத்துக்கும் டிஎஸ்பி அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர். எங்கள் வழக்கறிஞரே சில சமயம் அவரிடம்தான் கேட்டுக்கொள்வார், எந்த நிலையத்தில் எந்த நேரம் போனால் வேலை நடக்கும் என்று.

ஃபிக்மாவில் ஒவ்வொருவருக்கும் ஓர் அனுமதி கொடுக்க வேண்டும். 'எடிட்' அனுமதி இருப்பவர் வரையலாம், மாற்றலாம், அழிக்கலாம். 'வியூ' அனுமதி இருப்பவர் பார்க்கலாம், கமெண்ட் போடலாம், அவ்வளவுதான். நாங்கள் உட்கார்ந்து யோசித்து எதையும் தீர்மானிக்கவில்லை. லேப்டாப் வைத்திருந்தவர்களுக்கு எடிட் போனது, செல்போன் மட்டும் வைத்திருந்த அக்காக்களுக்கு வியூ போனது. ஃபிக்மாவின் செல்போன் செயலியில் பார்க்கவும் கமெண்ட் போடவும்தான் முடியும், வரைய முடியாது. எனவே இது தொழில்நுட்பக் காரணம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். லேப்டாப் யாரிடம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்ற கேள்வியை வகுப்பறையில் சமூகவியல் படித்தபோது கேட்டவர்கள்தான் நாங்கள். எங்கள் ஃபைலில் கேட்கவில்லை.

அது எங்கே போய் முட்டியது என்று சொல்கிறோம்.

செயலியின் முதல் திரை, புகார் கொடுத்த அன்று என்ன நடந்தது என்பது. தம்பி அழகாக வரைந்திருந்தார். காவல் நிலையத்தில் கொடுத்த ரசீதைப் படம் பிடித்து ஏற்றினால் பெரிய பச்சை டிக் வரும். கீழே, 'புகார் பதிவு செய்யப்பட்டது. படி 1 முடிந்தது'. அடுத்த திரைக்குப் போக அம்புக்குறி.

களத்தில் இருக்கிறவர்களுக்கு இதைப் பார்த்ததும் வயிறு எரியும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகுதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை எதுவும் தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18அ பிரிவு சொல்கிறது. சட்டம் இப்படி இருக்க, சனங்கள் சி.எஸ்.ஆர். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேஸ் ஆகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வருகிறார்கள். பத்து நாள் கழித்துப் போனால் 'இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசியாச்சு' என்று பதில் வரும்.

பெரிய அக்கா அந்தத் திரையின் மேல் ஒரு கமெண்ட் போட்டிருந்தார். வாய்ஸ் டைப்பிங்கில் சொன்னது, நிறுத்தற்குறி எதுவும் இல்லை: "தம்பி இந்த பச்சை டிக் தப்பு சிஎஸ்ஆர் குடுத்தா கேஸ் போட்டதா அர்த்தம் இல்ல ஜனங்க நம்பிட்டு போயிடுவாங்க". அன்று ஒரே நாளில் நாற்பதுக்கும் மேல் கமெண்ட்கள் வந்திருந்தன. எழுத்து சின்னதாக இருக்கிறது, நிறம் கண்ணைக் குத்துகிறது, 'முதல் தகவல் அறிக்கை' என்ற சொல் பட்டனுக்குள் அடங்காமல் இரண்டு வரியாக உடைகிறது என்று பலதும். (தமிழில் வடிவமைக்கிறவர்களுக்கு ஒன்று: ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழ் போடாதீர்கள். எல்லா பட்டனும் உடையும். முதல் கோட்டிலிருந்தே தமிழில் வரையுங்கள். அந்தப் பட்டனில் இப்போது 'எஃப்.ஐ.ஆர்.' என்றே இருக்கிறது, சனங்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்து ரிசால்வ் பட்டனை அழுத்திக்கொண்டே போனார். ரிசால்வ் அழுத்தினால் கமெண்ட் திரையிலிருந்து மறைந்துவிடும். அக்காவின் கமெண்டும் மறைந்தது. டிக் அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலனியில் அந்த மாதிரித் திரைகளைச் செல்போனில் காட்டிச் சோதித்துப் பார்த்தோம். மகனை அடித்த வழக்கில் ரசீதோடு அலைந்துகொண்டிருந்த ஓர் அம்மா, பச்சை டிக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அப்ப எங்களுக்கு கேஸ் ஆயிடுச்சா?" என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. பெரிய அக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லம்மா, இது வெறும் ரசீது, நாளைக்கு நான் கூட வர்றேன் என்று விளக்கினார்.

திரும்பும்போது பேருந்தில் அக்கா பேசவே இல்லை. இறங்கும் இடம் வந்தபோது மட்டும், "நான் அன்னிக்கே எழுதியிருந்தேன். நீங்கதான் மூடிட்டீங்க" என்றார்.

மூடிட்டீங்க என்ற சொல்தான் எங்களைத் தூங்கவிடவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தவர்களுக்குத் தெரியும். சில வாரம் கழித்து 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது' என்று தகவல் வரும். பாதை கிடைத்திருக்காது, பட்டா கிடைத்திருக்காது, மனு மட்டும் முடிந்திருக்கும். மனுவை முடிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்! எங்கள் ஃபைலுக்குள் நாங்களே ஒரு குறைதீர் நாள் நடத்தியிருக்கிறோம். தம்பி மோசமானவர் இல்லை, நம் பிள்ளை, முதல் தலைமுறைப் பட்டதாரி. நாற்பது கமெண்டையும் ஒரே மாதிரி பார்த்தார். எழுத்து சின்னது என்பதும், இந்த டிக் பொய் சொல்கிறது என்பதும் அவருக்கு ஒரே அளவு 'திருத்தம்'. நாங்களும் அவருக்கு வேறு எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிற நாங்கள், எட்டுப் பேருக்குள்ளேயே ஒரு படிக்கட்டு கட்டியிருந்ததைப் பேருந்தில்தான் பார்த்தோம்.

அடுத்த சனிக்கிழமை கூடி ஒரு விதி போட்டோம்: கமெண்ட் போட்டவரே ரிசால்வ் செய்ய வேண்டும், வேறு யாரும் செய்யக்கூடாது. மென்பொருளே இதைக் கட்டாயப்படுத்தாது, பேச்சளவு ஒப்பந்தம்தான். வேலை மெதுவானது உண்மை. அக்கா இரண்டு நாள் செல்போனைப் பார்க்கவில்லை என்றால் இரண்டு நாள் அந்தத் திரை நிற்கும். பொறியியல் தோழர்களுக்கு எரிச்சல் வந்தது, சண்டையும் வந்தது. ஆனால் விதி நின்றது.

இப்போது அந்தத் திரையில் பச்சை இல்லை. மஞ்சள் பட்டையில் இப்படி வருகிறது: 'இது ரசீது மட்டும். வழக்கு இன்னும் பதியப்படவில்லை. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும்.' சொற்கள் அக்காவுடையவை.

ஃபைல்களை அடுக்குவது பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஃபிக்மாவில் டீம், அதற்குள் புராஜெக்ட், அதற்குள் ஃபைல், ஃபைலுக்குள் பக்கம் என்று அடுக்கு போகும். நாங்கள் பயன்படுத்தும் இலவசத் திட்டத்தில் டீமுக்குள் மூன்று வடிவமைப்பு ஃபைல்கள்தான் வைக்க முடியும். தனிநபர் டிராஃப்ட்டில் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால் எல்லோரையும் போல நாங்களும் டிராஃப்ட்டில் குவித்தோம். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்'. எல்லாம் ஒரே தோழரின் டிராஃப்ட்டில் இருந்தன. அவருக்கு பெங்களூருவில் வேலை கிடைத்துப் போன பிறகு, நாங்கள் ஆறு மாதம் உழைத்த திரைகள் சட்டப்படி அவருடைய கணக்கில் இருக்கின்றன என்பது புரிந்தது. நல்லவர், ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொடுத்தார். உழுகிறவர் ஒருவர், பட்டா இன்னொருவர் பெயரில் என்ற கதை நமக்குப் புதிதா? 1892இல் தொடங்கி நம் மக்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் என்ன ஆனது என்று பேசுகிற இயக்கம், தன் ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் இருந்தது. முதல் நாளே டீமை உருவாக்கி, அதில் குறைந்தது இரண்டு பேருக்கு அட்மின் பொறுப்பு கொடுத்துவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருக்கிற நண்பர்களாக இருக்க வேண்டாம்.

மூன்று ஃபைல் என்ற கட்டுப்பாடு கடைசியில் உதவியாகத்தான் இருந்தது. ஒன்று 'களம்'. அக்காக்கள் நோட்டில் பேனாவால் வரைந்த திரைகளின் படங்கள், கிராமத்தில் கேட்ட கேள்விகள், சண்டைகள் எல்லாம் அதில் கிடக்கும். இரண்டாவது 'திரைகள்'. கூட்டத்தில் ஒப்புக்கொண்டது மட்டும் இங்கே வரும். மூன்றாவது 'சொற்களும் பட்டன்களும்'. படங்களைச் சுருக்காமல் ஏற்றாதீர்கள். சின்ன அக்கா பயன்படுத்துவது அவர் மகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப். கனமான ஃபைலைத் திறந்தால் அது மூச்சு வாங்கும். உங்கள் குழுவில் யாருடைய கருவி மிக மெதுவானதோ, அதில் திறக்கிற அளவுக்குத்தான் ஃபைல் இருக்க வேண்டும். ஆம், சின்ன அக்காவுக்கு இப்போது எடிட் அனுமதி இருக்கிறது, பட்டன்களை அவரே நகர்த்துகிறார். பெரிய அக்காவுக்கு மவுஸ் பிடிக்கவில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை தம்பி பக்கத்தில் உட்காருவார். அக்கா சொல்லச் சொல்லத் தம்பியின் கை ஓடும்.

'திரைகள்' ஃபைலை முதலில் பொறியியல் முறைப்படி அடுக்கியிருந்தோம்: லாகின், முகப்பு, படிவம், அறிவிப்பு. பெரிய அக்கா பார்த்துவிட்டு, "ஜனங்களுக்கு நாள் கணக்குதாம்பா தெரியும்" என்றார். எனவே நாள் கணக்கில் மாற்றினோம். முதல் நாள்: புகார், எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனை. 7 நாள்: உடனடி நிவாரணம் வந்ததா? 60 நாள்: டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரித்தாரா, குற்றப்பத்திரிகை தாக்கலானதா? அதன் பிறகு சிறப்பு நீதிமன்றம். 1995ஆம் ஆண்டு விதிகளையும் 2016 திருத்தத்தையும் படித்தால் இந்தக் கெடுக்கள் அப்படியே இருக்கும். சட்டமே ஒரு நாட்காட்டி, அதைக் கிழிக்கத்தான் யாரும் இல்லை. இப்படி அடுக்கிய பிறகு எந்தத் திரை எங்கே என்று தேடுவது நின்றது. புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு ஃபைலைத் திறந்து காட்டினாலே சட்டம் பாதி புரிந்துவிட்டது.

இனி சொல்லப்போவது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மேலே சொன்னவற்றைச் சொல்வதில் நேர்மை இல்லை.

மாதிரித் திரைகளில் காலியிடங்களை நிரப்ப ஏதாவது பெயர், ஊர், எண் வேண்டும். அவசரத்தில், வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த ஓர் உண்மையான வழக்கின் எஃப்.ஐ.ஆர். படத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டோம். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், ஊர், செல் எண், குற்ற எண், எல்லாமே. பிறகு ஒரு கல்லூரிப் பயிற்சிக்காக அந்த ஃபைலின் லிங்க்கை 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று மாற்றிப் பகிர்ந்தோம். பயிற்சி முடிந்தது, லிங்க் திறந்தே கிடந்தது. இரண்டு மாதம் கழித்து வழக்கறிஞர் வேறு எதற்கோ திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் மிரட்டலிலிருந்து பாதுகாக்க 2015 திருத்தத்தில் 15அ பிரிவு வந்தபோது கொண்டாடியவர்கள் நாங்கள். அந்தப் பிரிவு எதைத் தடுக்க நினைத்ததோ, அதை எங்கள் கையாலேயே செய்திருந்தோம்.

பெயரை அழித்தால் போதாது. பழைய வடிவங்கள் வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும், இலவசத் திட்டத்திலேயே 30 நாள் வரை பின்னால் போகலாம். சுத்தமான திரைகளை மட்டும் புது ஃபைலுக்கு மாற்றி, பழையதை அழித்து, டிராஷிலிருந்தும் நிரந்தரமாக நீக்கினோம். லிங்க்கை மூடினோம். வாட்ஸ்அப் குழுவில் இருந்த படத்தையும் அழிக்கச் சொன்னோம், எத்தனை போனில் மிச்சமிருக்கிறதோ!

பிறகு அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னோம். சொல்ல வேண்டாம், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், வீணாகப் பயப்படுவார் என்று எங்களில் இருவர் வாதாடினார்கள். பெரிய அக்கா அதற்குச் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண் அமைதியாகக் கேட்டுவிட்டு, "யார் யார் பாத்தாங்கன்னு தெரியுமா?" என்றார். தெரியாது. லிங்க் வழியாகப் பெயர் இல்லாமல் வந்து பார்த்தவர்கள் யாரென்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் செல் எண்ணை மாற்றிக்கொண்டார். அந்த எண்தான் விசாரணை அதிகாரியிடமும் அரசு வழக்கறிஞரிடமும் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் புது எண்ணைச் சேர்க்க அவரோடு நடந்தோம். இரண்டு நாள் கூலி அவருக்குப் போனது. நாங்கள் கொடுக்க முயன்றோம், வாங்கவில்லை.

இப்போது மாதிரித் திரைகளில் 'மனுதாரர் 1', 'ஊர் அ', குற்ற எண் '00/0000' மட்டும்தான். பார்க்க அழகில்லை, இருக்கட்டும். வெளியாருக்கு லிங்க் கொடுத்தால் யார் கொடுத்தார், என்றைக்கு மூட வேண்டும் என்று ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறோம். உண்மை வழக்கின் ஒரு எழுத்தும் வடிவமைப்பு ஃபைலுக்குள் வராது.

வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளை ஏன் நம்புகிறீர்கள் என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஃபிக்மாவை 2022இல் அடோபி 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து, 2023 டிசம்பரில் கைவிட்டது. நாளை வேறு யாராவது வாங்கலாம், இலவசத் திட்டம் மாறலாம். பென்பாட் என்ற திறமூல மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள முடியும். எங்களிடம் சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் இன்னும் மாறவில்லை. உங்கள் கல்லூரியில் யாராவது இருந்தால் அங்கேயே தொடங்கலாம்.

கடைசியாகப் பார்த்தபோது 'திரைகள்' ஃபைலில் பதினொரு கமெண்ட் திறந்திருந்தன. பத்து சின்ன விஷயங்கள். பதினொன்றாவது, '60 நாள்' பகுதியின் மேல் பெரிய அக்கா போட்டது: "ஊர்ல பேசி முடிச்சிக்கலாம்னு பணத்தோட வந்து நிப்பாங்க வீட்ல பொண்ணு கல்யாணம் இருக்கும் அப்ப இந்த போன்ல எத அழுத்துறது". போட்டு நான்கு மாதம் ஆகிறது. தம்பி மூன்று விதமாக வரைந்து காட்டினார். ஒவ்வொரு முறையும் அக்கா பார்த்துவிட்டு, "இது இல்லப்பா" என்று மட்டும் பதில் எழுதியிருக்கிறார். வரும் சனிக்கிழமை நான்காவதைக் காட்டப்போகிறார்.